பர்வதத்தின் சல்சா கோஷ்டி

அமெரிக்காவில், எடிசன் ஊரில் எங்கள் அபார்ட்மெண்டில் கதவுக்குக் கதவு ஒரு இன்ஜினியர். அதனால் இன்ஜினியருக்கு அங்கே மவுசு கிடையாது. சல்சா கோஷ்டி நடத்தும் ஆள் மட்டும் ஒருத்திதான். அவள் இரண்டாவது மாடி பர்வதம்.

1990ல் கணவர் பிச்சுமணியின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். அவர் காலையில் ரயிலேறி மன்ஹாட்டன் போய், கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். அந்த விசாவில் மனைவி வேலைக்குப் போகக் கூடாது. மயிலாப்பூரில் மேடை மேடையாக வயலின் வாசித்தவள் இங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வில்லை எடுத்தால் போதும், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். ஆகவே சாதகம் லாண்ட்ரி ரூமில். வாஷிங் மெஷின் சத்தத்தில் அவளுடைய மோகனம் யார் காதிலும் விழவில்லை, ரமோனைத் தவிர.

ரமோன் எங்கள் கட்டடத்தில் குழாய், ஹீட்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற போர்ட்டோ ரீக்கோக்காரர். வார இறுதியில் ஒரு சல்சா கோஷ்டியில், அதாவது அவர்கள் பக்கத்து ஆட்டப் பாட்டுக் கோஷ்டியில், காங்கா வாசிப்பார். காங்கா என்பது கையால் தட்டுகிற உயரமான மேளம். வயலினும் புல்லாங்குழலும் முன்னால் நிற்கிற வகைக் கோஷ்டி அது. அவர்களுடைய வயலின்காரர் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டியிருந்தார். திறந்த மெஷினை அப்படியே போட்டுவிட்டு, "எங்களோடு வாசிக்க வருகிறீர்களா?" என்று ரமோன் கேட்டார்.

"சம்பளம் வாங்க மாட்டேன், விசா போய்விடும்" என்றாள் பர்வதம். இப்படி ஒரு நிபந்தனையை எந்தக் கோஷ்டி வேண்டாம் என்று சொல்லும்?

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. சல்சாக்காரர்கள் நின்று வாசிப்பார்கள். நம்முடைய வயலினுக்குச் சம்மணம் போட்டு, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்ற வேண்டும். பக்கத்து ஊர் பெர்த் அம்பாய் டான்ஸ் ஹாலில் முதல் நாள் தரையில் உட்கார்ந்தவள், ஆடுகிறவர்களின் கால்களுக்குப் பின்னால் காணாமல் போனாள். அடுத்த வாரம் ரமோன் மேசையைப் போட்டு, ஜமுக்காளம் விரித்து, அவளை மேலே ஏற்றிவிட்டார். பட்டுப்புடவையில் மேசைமேல் உட்கார்ந்து அவள் வில்லைப் போட்டால் ஹாலில் ஒரு இடுப்பும் சும்மா இருக்காது. பிச்சுமணி ஒரே ஒரு தடவை போனார். பாதியிலேயே எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்து பேப்பர் படித்தாராம்.

கிரீன் கார்டு வந்தது. பழைய லீடர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோக, கோஷ்டி பர்வதத்தின் கைக்கு வந்தது. லேட்டாக வருகிற புல்லாங்குழல்காரரைத் தமிழிலேயே திட்டுவாள். அவரும் ஒரு வார்த்தை புரியாமல் நடுங்குவார். ஆனால் கோஷ்டியின் உயிர் ரமோன்தான். அவர் முகத்துக்காகத்தான் ஹால்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர் விலகினால் மற்றவர்களும் விலகிவிடுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு குறை. சொந்த ஜனம் ஒரு நாளாவது கேட்க வேண்டும். தமிழ்ச் சங்கச் செயலாளர் செல்வராஜை அரித்தெடுத்து, 1998 பொங்கல் விழாவில் இடம் வாங்கினாள்.

"ஆன்ட்டி, ஃபேமிலி ஆடியன்ஸ். கொஞ்சம் டீசண்ட்டா பண்ணுங்க."

"ஏம்ப்பா, நான் என்ன கேபரேயா பண்றேன்?"

விழா ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில். பக்கத்துக் கேஃபடீரியாவில் காபி என் பொறுப்பு. முதல் இரண்டு உருப்படிக்கு ஜனம் தொடையில் தாளம் போட்டதைக் கதவு வழியாகப் பார்த்தேன். பர்வதத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அடுத்து, ரமோனின் தனி ஆவர்த்தனம்!" என்று மைக்கில் அறிவித்தாள்.

சபை மொத்தமும் எழுந்தது. மெட்ராஸ் சபாக்களில் பழகின கால்கள் அவை. மிருதங்கக்காரர் தனி ஆரம்பித்தால் கேண்டீனுக்கு நடந்துவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. என் க்யூவில் முதல் ஆள் பிச்சுமணி. "சக்கரை கம்மியா" என்றார்.

மேளம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். ரமோன் காங்காவுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க ஊரில் பெரிய பெரிய வித்வான்களுக்கும் இதே கதிதான்" என்று பர்வதம் இங்கிலீஷில் கெஞ்சினாள்.

"அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நான் வாசிக்கும்போது முகத்துக்கு நேரே யாரும் இப்படி எழுந்து போனதில்லை. இன்றோடு சரி, பர்வதம்." புல்லாங்குழல்காரரும் குழலை உள்ளே வைக்கப் பெட்டியைத் திறந்தார்.

அவள் மேசையிலிருந்து இறங்கினாள். வயலினும் கையுமாக விடுவிடுவென்று கேஃபடீரியாவுக்குள் வந்தாள். போண்டா தட்டை ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"எல்லாரும் கேளுங்கோ! அந்த மனுஷர் கூப்பிடலேன்னா நான் இந்த ஊர்ல வயலினையே மறந்திருப்பேன். அவர் போனா என் கோஷ்டி போச்சு. காபி வேண்டாம்னு சொல்லலை. குடிச்சுண்டே கேளுங்கோ."

வில்லைப் போட்டாள். சுருதி லேசாகப் பிசகியது. ரமோன் வரவில்லை. 

பிச்சுமணி தம்ளரை என் கையில் திணித்துவிட்டு ஆடிட்டோரியத்துக்குள் போனார். திரும்பி வரும்போது காங்காவைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, கதவில் இடித்தபடி வந்தார். "ஜாக்கிரதை! ஜாக்கிரதை!" என்று அலறிக்கொண்டு பின்னாலேயே ரமோன்.

வந்தவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் தம்ளரோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் உறையைக் கழற்றினார்.

வாசித்தார் பாருங்கள்! ஒருவர் நகரவில்லை. நகர்ந்து போவதற்கு வேறு கேண்டீனும் கிடையாது. செல்வராஜ் கையில் போண்டாவோடு ஆடினார், ஃபேமிலி ஆடியன்ஸ் முன்னாலேயே. முடிந்ததும் எழுந்த கைதட்டலில் என் காபி டிரம்மின் மூடி அதிர்ந்தது.

ரமோன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை ரிகர்சல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

பர்வதம் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஏழு மணிக்கு" என்றார் பிச்சுமணி. "நானே டிரைவ் பண்ணிக் கூட்டிண்டு வரேன். உள்ளே உக்காந்து கேக்கறேன்."