ஏழாவது கிரகத்தில் விட்ட இடைவெளி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணினித் திரையில் செம்மண் நிறக் கிரகம் ஒன்று சுழன்றது. அதைப் பார்த்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வீட்டில் மண்ணெண்ணெய் இருந்தே பல காலமாகிறது. வாடை வந்தது, சிவகாசியில் நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்திலிருந்து. அங்கே உருளைகளில் ஒட்டிய மையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைப்பார்கள். அந்தக் கிரகத்தை முதலில் பார்த்ததும் அங்கேதான்.

அந்தப் பழைய விண்வெளி விளையாட்டைச் செய்த கம்பெனி மூடிப் போய்விட்டது. அதை மறக்க முடியாத ரசிகர்கள் பல நாடுகளில் இருந்துகொண்டு, சம்பளம் இல்லாமல், இன்றைய கணினிகளில் ஓடும்படி முதலிலிருந்து திரும்ப எழுதி வருகிறார்கள். பிழை கண்டுபிடித்துச் சொல்லும் எடுபிடியாக நானும் அதில் இருக்கிறேன். பழையதில் கட்டடத்தின் நிழல் இடப்பக்கம் விழுந்தது, புதியதில் வலப்பக்கம் விழுகிறது என்று புகார் எழுத ஓர் ஆள் வேண்டுமே. அதற்கென்றே பிறந்தவன் நான்.

எல்லாவற்றுக்கும் தேதி குறித்து வைக்கும் எனக்கு, இதை முதலில் விளையாடிய ஆண்டு மட்டும் பிடிபடவில்லை. அச்சகத்தில் ஆடி மாதத்திலேயே அடுத்த ஆண்டுக் காலண்டருக்கு ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். பாதி வருஷம் வராத வருஷத்தில் குடியிருந்தவனிடம் ஆண்டைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? பொங்கல் முடிந்து வேலை ஓய்ந்திருந்த காலம், அது மட்டும் உறுதி. லேபிள் வரையும் கணினி சும்மா கிடக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் கதிரேசனும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

கதிரேசனுக்கு ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசுப் பெட்டியின் லேபிளில் கிளிக்கு எந்தப் பச்சை என்று தீர்மானிப்பவன். விளையாட்டிலும் மவுஸ் அவன் கையில்தான். கிரகத்தில் இறங்கி, சுரங்கம், எரிபொருள் கிடங்கு, குடியிருப்பு என்று கட்டம் கட்டமாக வைத்து, எதிரிக் கப்பல் வருமுன் ஓர் ஊரை நிலைநிறுத்த வேண்டும். கட்டடங்களை ஒட்டி ஒட்டி வைத்தால் மின்சாரம் மிச்சமாகும். ஆட்டமே அதில்தான் இருக்கிறது. கதிரேசன் ஒட்டி வைக்க மாட்டான். இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு கட்டத்தைக் காலியாக விடுவான். எரிபொருள் கிடங்கு என்றால் இரண்டு கட்டம். எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளைப் பார்த்திருந்தால் உங்களுக்குப் புரியும். பொட்டலில் ஷெட்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவக் கூடாது.

விளையாட்டுக்கு அது தெரியாது. தட்டுத்தடுமாறி ஆறு கிரகம் வரை போய்விடுவோம். ஏழாவதில் மின்சாரம் பற்றாமல் தோற்போம். முதலாளி அண்ணாச்சி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் விசாரிப்பார்.

"என்னலே, ஏழாம் கிரகத்துல பால் காய்ச்சியாச்சா? இங்கன சாத்தூர்க்காரரு லேபிள் கேட்டு நிக்காரு."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, இது பட்டாசு கம்பெனி இல்லலே. லைசென்ஸ் பாக்க அங்க எந்த ஆபீசரும் வரமாட்டாரு. ஒட்டி வையி."

கதிரேசன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பக்கத்து ஷெட்டு எரிஞ்சப்போ எங்கம்மா அடுத்த ஷெட்டுல வேல பாத்துக்கிட்டு இருந்தா. நடுவுல எடம் கெடந்துச்சு, வீடு வந்து சேந்தா. நான் ஒட்டி வைக்க மாட்டேன்லே. தோத்தா தோத்துட்டுப் போறேன்."

அதன் பிறகு நான் அப்படிச் சொன்னதில்லை. இருவரும் சேர்ந்தே தோற்றோம்.

இந்த ரீமேக்கின் நிரலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. தாக்கப்பட்ட கட்டடத்தின் தீ அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். இடம் விட்டுக் கட்டியதற்கு அங்கே பலனே கிடையாது. எங்கள் தோல்விகள் அனைத்தும் அந்த ஒரு வரிக்குள் இருந்தன. தீ பரவ வேண்டும் என்று குழுவுக்கு எழுதினேன். மூல விளையாட்டில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்றார்கள். நியாயம்தான், நிழலுக்கே சண்டை பிடித்தவன் நான். ஆனாலும் விடவில்லை. தலை நரைத்த பிறகு நிரல் எழுதப் படித்தேன். முதல் முயற்சியில் ஒரு கிடங்கில் பற்றிய தீ, கடல் உட்படக் கிரகம் முழுவதையும் எரித்துத் தீர்த்தது. திருத்தினேன். குழுவை நடத்தும் பெண்மணி பனி கொட்டும் ஊர் ஒன்றில் இருப்பவர். அவருக்குப் புரியவைக்க ஆமத்தூர்ப் பக்கம் போய், சாலையில் நின்றபடி ஓர் ஆலையைப் படமெடுத்து அனுப்பினேன். திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில், விரும்புகிறவர்கள் மட்டும் டிக் செய்துகொள்ள ஒரு பெட்டி தருவதாக ஒப்புக்கொண்டார்: 'தீ பரவும்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை கதிரேசனை வரச் சொல்லியிருந்தேன். விருதுநகரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். பெட்டியில் டிக் போட்டு, ஏழாவது கிரகத்தைத் திறந்து, மவுஸை அவனிடம் கொடுத்தேன். கை மறக்கவில்லை. ஒரு கட்டம் விட்டான், கிடங்குக்கு இரண்டு விட்டான். மின்சாரம் அதேபோல் பற்றவில்லை. அந்தக் கணக்கில் நான் கை வைக்கவில்லை. எதிரியின் முதல் குண்டில் எங்கள் கிடங்கு எரிந்தது. தீ காலிக் கட்டத்தின் ஓரம் வரை வந்து நின்றது. நான் மூச்சு விட்டேன்.

பிறகு, மிஞ்சிய மின்சாரத்தில் கதிரேசன் எறிந்த ஒரே ஒரு குண்டு, கிரகத்தின் மறுபக்கம் இருந்த எதிரியின் ஊரில் விழுந்தது. அவர்கள் எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டிக் கட்டியிருந்தார்கள். வரிசையாகப் பற்றிக்கொண்டு போனது. ஏழாவது கிரகம் எங்களுடையது என்று திரை அறிவித்தது. நான் கை தட்டப் போனேன். கதிரேசன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் எடம் விட்டுக் கெட்டியிருக்கலாம்ல அவனுக" என்றான்.

அந்த நாளின் தேதியை மறக்காமல் குறித்துவிட்டேன். பால் காய்ச்சியாச்சு என்று போய்ச் சொல்ல அண்ணாச்சி இல்லை. வீடு வந்து சேர்ந்த அந்த அம்மாவும் இப்போது இல்லை. சாயங்காலம் கதிரேசனின் வண்டியில் இருவரும் பழைய தெருவுக்குப் போனோம். அச்சகம் இருந்த இடம் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமாகியிருக்கிறது. கால் வைக்க இடமில்லாமல் வண்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. காவலாளி கை காட்டிய இடுக்குக்குள் கதிரேசன் வண்டியை நுழைக்கவில்லை. வரிசைக்கு வெளியே, இரண்டு வண்டி நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு, தள்ளி நிறுத்தினான்.