மருந்து போடுகிறவள்

வார்டு வேலை முடிந்து ஈப்போ வீட்டுக்குள் நுழைந்ததுமே மகன் என்னைக் கணினி விளையாட்டின் முன் உட்காரவைத்து, "அம்மா, எங்க கில்டுல, எங்க சண்டைக் கூட்டத்துல, காயத்துக்கு மருந்து போடுற ஆளு இல்ல, நீங்க வாங்க லா" என்றான். என் கையில் கசக்கிய பச்சிலை வாசனை ஏறியது.

என் சின்ன வயதில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பள்ளி விட்டதும் மேல் லயத்து வீட்டு வரிசைப் பிள்ளைகளுக்கும் கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கும் ரப்பர் கொட்டைச் சண்டை நடக்கும். கொட்டையைச் சிமெண்டில் சூடேறத் தேய்த்து எதிரியின் தொடையில் ஒற்றுவார்கள். பாய்ந்து அடிக்கிறவர்கள், பதுங்கிச் சுடுகிறவர்கள், கொட்டை பொறுக்குகிறவர்கள் எல்லாரும் தினம் மாறுவார்கள்; வாளித் தண்ணீரும் பச்சிலையுமாக உட்கார்ந்திருக்கும் நான் மட்டும் மாறியதே இல்லை. ஒருநாள் நானும் கொட்டையைத் தேய்த்தேன். "நீயும் அடிக்கப் போனா யாரு மருந்து போடுறது?" என்று அண்ணன் பிடுங்கிக்கொண்டான்.

லயங்கள் இருந்த இடத்தில் இப்போது தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகள். நான் தாதியாகி முப்பது வருடம்.

மகனிடம் சொல்லாமல் விளையாட்டில் வாளைத் தேர்ந்தெடுத்தேன். முதல் சண்டையிலேயே விழுந்தேன்.

"ஐயோ அம்மா! அந்தப் பட்டன அழுத்துங்க, எழுந்திரிச்சிரலாம்!"

அழுத்தவில்லை. யாராவது வந்து மருந்து போடட்டும்.