லிண்டா என்ற பெயரில் பேசியவள்

லவோன் பெட்டவேயும் நானும் டொலீடோ நகரத்தில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தோம். மூடிப்போன செருப்புக்கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அட்டைத் தடுப்புகள் வைத்துப் பிரித்திருந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கணினியே யாருக்காவது போன் போடும். எதிர்முனையில் எடுத்ததும் திரையில் வருவதை எழுத்துப் பிசகாமல் படிக்க வேண்டும். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே தட்டச்சு செய்ய வேண்டும். நம்முடைய அபிப்பிராயம் மூச்சில்கூடத் தெரியக்கூடாது.

அதற்கு முன்பு லவோன் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். தொழிற்சாலை மெக்சிகோவுக்குப் போனது. அதே வருஷம் அவள் கணவன் ராஸ்கோ மாரடைப்பில் போனான். ஒரே மகள் ரெனிட்டா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று சொன்னார்களே என்று லவோன் எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

வந்த புதிதில் அவளுக்குப் பேட்டிகளே அமையவில்லை. "வணக்கம், என் பெயர் லவோன்" என்று தொடங்குவாள். டக்கென்று வைத்துவிடுவார்கள். அந்தப் பெயரைக் கேட்டதுமே அது கறுப்பர்களான எங்கள் ஆட்களின் பெயர் என்று இந்த மாநிலத்தில் யாருக்கும் புரிந்துவிடும். அப்போதிருந்த மேற்பார்வையாளர்தான், வேறு பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், சட்டப்படி தப்பில்லை என்றார். அவள் லிண்டா ஆனாள். குரலையும் மாற்றினாள். தெற்கே அலபாமாவிலிருந்து வந்த அப்பாவின் இழுவை அவள் பேச்சில் உண்டு. அதை அழுத்தித் துடைத்துவிட்டு, வங்கியில் கணக்குத் திறக்க வருகிறவரை உட்காரச் சொல்லும் பெண்ணைப் போல மென்மையாகப் பேசப் பழகினாள். ஒரே மாதத்தில் அறையிலேயே அதிகப் பேட்டிகள் முடிப்பவள் அவள்தான் என்றாயிற்று. நான் கேலி செய்வேன். "லிண்டாவுக்கு நீலக் கண்ணு, ஓபல், தெரியுமா?" என்பாள். "ஞாயித்துக்கிழமை உருளைக்கிழங்கு சாலட்ல வெள்ளைக்காரங்க மாதிரி உலர்ந்த திராட்சை போடுவா."

செனட்டர் எலோயிஸ் பார்னெட் ஜனாதிபதி தேர்தலில் நின்ற வருஷம் அது. எங்கள் நிறத்துப் பெண் ஒருத்தி ஒரு பெரிய கட்சியின் வேட்பாளராக நவம்பர் வரை வந்து நின்றாள். லவோன் தன் வீட்டு வாசல் புல்லில் பார்னெட் பெயர்ப்பலகையை நட்டுவைத்தாள். வேலைக்கு வரும்போது மட்டும் சட்டையில் குத்திய பார்னெட் பேட்ஜைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் கேள்விகள் பார்னெட்டைப் பற்றித்தான். உறுதியானவரா? நெருக்கடியில் நிதானமாக இருப்பாரா? உங்களைப் போன்றவர்கள்மேல் அக்கறை உள்ளவரா? என்னிடம் பேசுகிறவர்கள் மரியாதையாகச் சொல்வார்கள். என் குரல் என் நிறத்தை மறைக்காது. லிண்டாவிடம் மனசைத் திறந்தார்கள். அந்தப் பெண் சிரித்தால் நக்கலாக இருக்கிறது என்றார்கள், சிரிக்காவிட்டால் கோபக்காரி என்றார்கள். குழந்தை இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்றார் ஒருவர். நான் தயார்தான், ஊர் இன்னும் தயாராகவில்லை என்று சொன்னவர்கள் ஏராளம். எதிர்த்து நின்ற முன்னாள் ஆளுநர் மேடையில் மேஜையைக் குத்தினார். அதை யாரும் கோபம் என்று சொல்லவில்லை.

இதெல்லாம் லவோனைப் பெரிதாக அசைக்கவில்லை. வெளியாட்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்பது அவளுக்கு ஆச்சரியமான விஷயமில்லை. அவளைச் சுட்டது அண்ணன் ஹொசேயா. முடிதிருத்தகம் வைத்திருக்கிறார், தேவாலயத்தில் மூப்பர். ஞாயிறு சாப்பாட்டில் கோழிக்காலைக் கையில் பிடித்துக்கொண்டே, "நம்ம ஆளுதான், சரி. ஆனா ஒரு பொம்பளை பேச்சை ராணுவத்துக்காரன் கேப்பானா?" என்றார். "நீ இங்க உக்காந்து அந்தக் கோழியைச் சாப்பிடறதே ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டுத்தானே?" என்றாள் லவோன். எல்லோரும் சிரித்தார்கள். காரில் திரும்பும்போது என்னிடம் அவள் சிரிக்கவில்லை. அங்கே வெளியாட்களுக்கு நிறம் கண்ணில் படுகிறது, இங்கே நம்மவர்களுக்குப் பெண் என்பது கண்ணில் படுகிறது, இரண்டும் சேர்ந்த ஒருத்தி எங்கே போய் நிற்பாள் என்று கேட்டாள்.

ரெனிட்டா அதற்குள் கர்ட் ஹாஃப்ஸ்டெட்டர் என்ற வெள்ளைக்காரப் பையனைக் கல்யாணம் செய்து, கோரா என்ற பெண்குழந்தைக்குத் தாயாகியிருந்தாள். கர்ட்டின் அம்மா மார்லீன், தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில், சோளக்காட்டு ஊரில் தனியாக இருந்தாள். சம்பந்திகள் இருவரும் நன்றாகவே பழகினார்கள். மார்லீன் கட்டிப்பிடித்துத்தான் வரவேற்பாள். லவோன் கிறிஸ்துமஸுக்கும் நன்றி கூறும் நாளுக்கும் சீஸ் மக்ரோனியும் கீரையும் செய்து பெரிய பாத்திரங்களில் எடுத்துப்போவாள். போனதும் ஏப்ரனை மாட்டிக்கொண்டு மார்லீனின் அடுப்படியில் நின்றுவிடுவாள். ராஸ்கோ போன பிறகு ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது என்று அவள் என்னிடம் சொன்னதுண்டு.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். எதிர்முனையில் "ஹலோ" என்றது ஒரு பெண்குரல். லவோனின் கை விசைப்பலகைமேல் நின்றது. பின்னால் ஒரு நாய் குரைத்தது. "டஃபி, சும்மா இருடா," என்றது குரல். அது மார்லீன்.

பேசுகிறவர் தெரிந்தவராக இருந்தால் மன்னிப்புக் கேட்டுப் பேட்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது விதி, எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். லவோனுக்கும் தெரியும். "நான் லிண்டா பேசறேன், கொஞ்ச நேரம் ஒதுக்க முடியுமா?" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. ஏன் சொன்னாள் என்பதை அவளால் பிறகும் விளக்க முடியவில்லை. அவள் குரல் மார்லீனுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் குரலில் லவோன் மார்லீனிடம் என்றைக்குமே பேசியதில்லை.

பாதிவரை எல்லாம் வழக்கம்போல் போனது. பார்னெட் கெட்டிக்காரி என்றாள் மார்லீன், நன்றாகப் படித்தவள் என்றாள். பிறகு, அவர் பதவிக்கு வந்தால் உங்களுக்குக் கவலை தரக்கூடியது எது என்ற கேள்வி வந்தது. ஒன்றுமில்லை என்றாள் மார்லீன். "வேற ஏதாவது?" என்று கேட்க எங்களுக்கு அனுமதி உண்டு. லவோன் கேட்டாள்.

"உங்ககிட்ட சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்க, லிண்டா. உங்களுக்குப் புரியும். அந்த மாதிரி பொம்பளைங்க ஒரு இடத்துக்குள்ள வந்தா இடத்தையே எடுத்துக்குவாங்க."

"வேற ஏதாவது?"

"என் பையனோட மாமியார் அந்த ஆளுங்கதான். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ வந்து என் கிச்சன்ல நின்னான்னா, என் வீட்டுல நானே விருந்தாளி மாதிரி ஆயிடறேன். எனக்கு என் அடுப்புகிட்டப் போகவே கூச்சமா இருக்கு. அந்தம்மாவை டிவியில பாக்கறப்ப எனக்கு அவ ஞாபகம்தான் வருது. நாடு முழுக்க அப்படி ஆனா எப்படி?"

லவோன் அதையெல்லாம் தட்டச்சு செய்தாள். தன்னைப் பற்றிச் சொன்னதைத் தன் கையாலேயே, ஒரு சொல் விடாமல். அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். மறுபடியும் "வேற ஏதாவது?" என்றாள். நான் என் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். ஒரே கேள்விக்கு யாரும் அத்தனை தரம் கேட்பதில்லை.

மார்லீன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாளாம். "பேத்தி என் நிறத்துல பொறந்தா. அதுக்கு தினமும் கடவுளுக்கு நன்றி சொல்றேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"உங்கள் நேரத்துக்கு நன்றி," என்றாள் லவோன். திரையில் மீதிக் கேள்விகள் அப்படியே இருந்தன.

எங்கள் மேற்பார்வையாளன் ட்ராவிஸ், முப்பது வயசுகூட ஆகாத பையன், அந்த அழைப்பைத் தன் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வேகமாக வந்தான். முகமெல்லாம் மலர்ச்சி. இந்த மாதிரிப் பதிலைத்தான் மேலிடம் தேடிக்கொண்டிருக்கிறது, மீதிக் கேள்விகளுக்குத் திரும்ப போன் போட்டு முடித்துக்கொடுங்கள் என்றான். லவோன் ஹெட்போனைக் கழற்றிவைத்தாள்.

"அதை அழிச்சிடுப்பா, ட்ராவிஸ்."

"ஏன்?"

"எனக்குத் தெரிஞ்சவங்க. எண்ணிக்கையில சேரக்கூடாது."

எவ்வளவு தெரிந்தவர் என்று கேட்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மாமியார் யார் என்று அவனுக்குச் சட்டென்று விளங்கியிருக்க வேண்டும், காது சிவந்துபோய் அப்படியே நின்றான். அழித்தான். விதியை மீறியதற்காக அவள்மேல் ஒரு குறிப்பும் எழுதவேண்டி வந்தது, எழுதினான். அன்று காரில் அவள் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக ரெனிட்டாவிடம் என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். "அவ அந்தக் குடும்பத்துல வாழணும்," என்றாள்.

அக்டோபரில் கோராவின் பிறந்தநாள், மார்லீனின் வீட்டில். லவோனோடு நானும் போயிருந்தேன். பாத்திரம் எதுவும் கொண்டுவராமல், பொம்மை வீடு ஒன்றை மட்டும் வாங்கி வந்திருந்தாள். ஹாலில் நாற்காலி நுனியில், கைப்பை மடியில் இருக்க உட்கார்ந்தாள். மார்லீன் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். மக்ரோனி எங்கே, எல்லோரும் அதற்காகத்தானே காத்திருக்கிறோம் என்றாள். அவள் முகத்தில் பொய் இல்லை, நிஜமாகவே ஏமாந்துபோனாள். இந்த முறை முடியவில்லை என்றாள் லவோன். அடுப்படிக்கு வாருங்கள், பேசிக்கொண்டே கேக் வெட்டலாம் என்று மார்லீன் கூப்பிட்டதற்கு, "பரவாயில்லை, உங்க கிச்சன், நீங்க பாத்துக்குங்க," என்றாள். மார்லீனின் முகம் வாடிவிட்டது.

பேச்சை மாற்றத்தானோ என்னவோ, கேக் தட்டுகளைக் கொடுத்தபடியே மார்லீன் சொன்னாள். "போன மாசம் எனக்குத் தேர்தல் கணிப்பு போன் வந்தது, தெரியுமா? லிண்டான்னு ஒரு அம்மா. என்ன பொறுமை! என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படி உக்காந்து கேட்டதே இல்ல."

யாருக்கு ஓட்டு என்று சொன்னீர்கள் அத்தை என்று ரெனிட்டா கேட்டாள்.

"இன்னும் முடிவு பண்ணலன்னு சொன்னேன்," என்றாள் மார்லீன்.

லவோன் தட்டைக் கீழே வைத்தாள். "அந்தம்மா வேற ஏதாவது கேட்டாங்களா, மார்லீன்?"

"ஞாபகமில்லையே," என்று மார்லீன் சிரித்தாள். கோரா அவள் மடியில் ஏறி உட்கார்ந்து கேக்கை அவள் வாயில் ஊட்டினாள். மார்லீன் குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் லவோனுக்குக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது கார்வரை வந்த ரெனிட்டா, அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தாள். அந்த மனுஷி எவ்வளவு பாடுபட்டு உன்னை நெருங்கப் பார்க்கிறாள், நீ ஏன் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாய் என்றாள். களைப்பாக இருந்தது என்றாள் லவோன்.

நவம்பரில் எங்கள் மாநிலம் கைவிட்டது, பார்னெட் தோற்றாள். லவோன் காலையிலேயே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவள், முடிவுகளைப் பார்க்கக்கூட உட்காரவில்லை. அதே வாரம் வேலையை விட்டாள். லிண்டா குரல் இனி தனக்கு வராது என்றாள். கொஞ்ச நாள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறினாள். மகள் வீட்டுக்குப் போவது குறைந்தது. மார்லீன் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டாள், ஈஸ்டருக்குக் கூப்பிட்டாள், பிறகு கூப்பிடுவதை நிறுத்தினாள். இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்ன பின், லவோன் வீட்டை விற்றுவிட்டு அலபாமாவில் இருந்த தங்கையிடம் போய்விட்டாள். அங்கேதான் இறந்தாள். அடக்கத்துக்கு மார்லீன் அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள்.

சில மாதம் முன்பு காய்கறிக்கடையில் ரெனிட்டாவைப் பார்த்தேன். கோரா பக்கத்தில் நின்றாள், நன்றாக உயர்ந்துவிட்டாள், ராஸ்கோவின் தாடை அப்படியே. அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது.

"என்ன இருந்தாலும் ஓபல் ஆன்ட்டி, அம்மாவுக்கு வெள்ளைக்காரங்கன்னாலே மனசுல ஒரு சுவர்," என்றாள் ரெனிட்டா. "என் மாமியார் பாவம், கடைசிவரைக்கும் முயற்சி பண்ணாங்க. அம்மா ஒரு அடிகூட எடுத்து வைக்கல."

கோரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். உன் அம்மா பிடிவாதக்காரிதான் என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனேன்.