தகரத்தில் போட்ட தையல்

பதினைந்து வருடம் துணி தைத்தவர், நாற்பது வயதில் வெல்டிங் கற்றுக்கொண்டு கார் பாடி வேலைக்குப் பட்டறை திறந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் "டெய்லரக்கா" என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். மூன்று மாதம் ஈ ஓட்டிய பிறகு வந்த முதல் வண்டி, அவர் கணவரின் தம்பியுடைய டாக்ஸி.

துருவைக் காட்டி, வண்டித் தகுதிச் சோதனை அதிகாரி அதை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றாவது முறையும் தேறாவிட்டால், இனி அதை டாக்ஸியாக ஓட்டவே முடியாது.

கதவுக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்குப் பெயிண்ட் உப்பியிருந்தது. யாரோ துருவின் மேலேயே பட்டிப் பசை பூசி மறைத்திருந்தார்கள். சுரண்டச் சுரண்ட, பொத்தல் ஒரு முழம் நீண்டது.

கொழுந்தன் பொத்தலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "அண்ணி, வண்டியக் குடுத்தா சல்லடையத் திருப்பித் தர்றீங்களே!"

"சல்லடை உள்ளதான் இருந்துச்சு. நான் மூடியத்தான் திறந்தேன். நீ போய் டீ குடிச்சிட்டு வா."

இற்றுப்போன தகரத்தை வெட்டியெடுத்தார். காகிதத்தில் அளவெடுத்து, புதுத் தகரத்தைக் கச்சிதமாகப் பொருத்தினார். அதுவரை சரி. பிறகுதான் பழைய பழக்கம் கையைக் கெடுத்தது. துணி தைப்பதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் வெல்டிங் வைத்துவிட்டார். சூட்டில் தகரம் நனைந்த அட்டைபோல் நெளிந்தது.

பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன டெய்லரக்கா, ஃப்ரில் வச்சுத் தச்சிட்டீங்களா?"

முகம் சுருங்கினாலும், டெய்லரக்காவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. நீளமான துணியை எடுத்த எடுப்பில் யாராவது தைப்பார்களா? முதலில் அங்கங்கே ஓட்டுத் தையல் போட வேண்டாமா?

நெளிந்ததை வெட்டி எறிந்தார். புதிய துண்டில் இந்த முனையில் ஒரு வெல்டிங் பொட்டு, அந்த முனையில் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று. சூடு ஆறிய பிறகே அடுத்தது. ஒரு நாள் முழுக்க அதே வேலை. தகரம் இம்மியும் நெளியவில்லை. பிறகு பிரைமர், அதன்மேல் பெயிண்ட்.

"மறுபடியும் பட்டியா?" என்றார், சோதனை மைதானத்தில் கதவுக்குக் கீழே பார்த்த அதிகாரி.

"குத்திப் பாருங்க சார்," என்றார் டெய்லரக்கா.

அதிகாரி ஸ்க்ரூடிரைவரால் ஓங்கிக் குத்தினார். ணங்! முனை வழுக்கியது. இன்னும் நாலு இடத்தில் குத்தினார். ணங், ணங்! தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

அதிகாரி படிவத்தில் 'தேர்ச்சி' என்று முத்திரை குத்தினார்.

கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணி, ஏறுங்க! ஊரையே ஒரு சுத்து சுத்தலாம்!"

"சுத்துறதெல்லாம் அப்புறம். அதோ ஒரு அம்மா பையோட கை காட்டுறாங்க பாரு, ஏத்திக்க. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

டாக்ஸி சவாரியோடு கிளம்பியது. டெய்லரக்கா பஸ் நிறுத்தம் வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடந்தார்.