எழுந்து வரத் தெரிந்தவன்

என் பெரியம்மா மகன் ஜினேந்திரன் நான்கு வருடம் போக்கர் ஆடிச் சம்பாதித்தான். கம்ப்யூட்டரில், முகம் தெரியாதவர்களோடு, பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம். ஆரணியில் இதைத் தொழில் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது என்பதால் 'ஆன்லைன்ல வேலை' என்று சொல்லிவைத்தார்கள். ஊரில் பாதிப் பேர் ஆன்லைனில்தான் பட்டுப் புடவை விற்கிறார்கள். அண்ணனும் புடவை விற்பதாகத் தெருவே நம்பியது. மாம்பழக் கலரில் இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்களும் உண்டு.

வேலூரில் இன்ஜினியரிங் முடித்து சென்னையில் வேலைக்குப் போனவன் அவன். அறை நண்பர்களிடம் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து, பகலில் கம்பெனி வேலையும் மாலையில் ஆட்டமுமாக இருந்தான். ஆட்டத்தில் வந்தது சம்பளத்தைத் தாண்டியதும் ராஜினாமா செய்தான். அதற்குப் பிறகுதான் பெரியம்மாவிடம் சொன்னான்.

பெரியம்மா கனகவதி, எங்கள் சமணக் கோயில் இருக்கும் திருமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். எங்கள் சமண வீடுகளில், விலக்க வேண்டிய தீமைகள் ஏழு என்று சின்ன வயதிலேயே சொல்லித் தருவார்கள். அதில் முதலாவது சூது. கள்ளும் புலாலும்கூட அதற்குப் பிறகுதான் வரும்.

"சூதாடப் போறேன்னு எங்கிட்டயே வந்து சொல்றியா?"

"சூது இல்லம்மா, கணக்கு. கோர்ட்டே திறமைன்னு சொல்லுது."

"கோர்ட்டுக்கு நான் சோறு போடல. உனக்குத்தான் போடறேன்."

மூன்றாம் நாள் அவர் தன் முடிவைச் சொன்னார். பெரியம்மா இருட்டிய பிறகு எதுவும் சாப்பிட மாட்டார். எங்களில் பெரியவர்கள் பலரும் அப்படித்தான்.

"வேலைனா எழுந்து வரலாம். உங்கப்பா இருந்த வரைக்கும் பள்ளிக்கூடத்துல பெல் அடிச்சா எழுந்து வந்தாரு. எதிர் வூட்டு தனசேகரன் தறிய நிறுத்திட்டு வர்றான். சூதாடறவனாலதான் எழுந்து வர முடியாது. தெனம் பொழுது எறங்கறதுக்குள்ள வந்து எங்கூட உக்காந்து சாப்டு. நீ எழுந்து வர்ற வரைக்கும் அத வேலைனு ஒத்துக்கறேன்."

"வராத அன்னிக்கு?"

"அன்னிக்குப் பாத்துக்கலாம்."

கேட்க எளிதாகத் தெரியும் இந்த ஏற்பாடு போக்கர் ஆடுகிறவனுக்குப் பெரிய தண்டனை. பெரிய போட்டிகள் மதியம் தொடங்கிச் சாயங்காலத்தில்தான் சூடு பிடிக்கும். எழுந்து போனால் ஆட்டம் நமக்காக நிற்காது. நம் முறை வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரே நம் சீட்டை வீசிவிடும். சுற்றுக்குச் சுற்று நம் கையிருப்பிலிருந்து கொஞ்சம் கழிந்துகொண்டே இருக்கும். சூரத்திலும் டெல்லியிலும் இருந்து ஆடியவர்களுக்கு இவன் வழக்கம் பழகிப்போனது. 'சாருக்கு டிபன் டைம்' என்று எழுதிவிட்டு, காலி நாற்காலியின் மேல் பாய்வார்களாம். அண்ணன் ரசம் மணக்கும் கையோடு திரும்பி வந்து மிச்சம் இருப்பதை வைத்து ஆடுவான்.

ஒரு மே மாதம் நான் ஊருக்கு வந்திருந்தபோது மாடியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எதிர் வீட்டில் தனசேகரனின் விசைத்தறிகள் ஓட, இங்கே தண்ணீர் டம்ளர் நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் பெரும்பாலும் எதுவுமே செய்யவில்லை. சீட்டு வரும், பார்ப்பான், வேண்டாம் என்று தள்ளுவான்.

"இதுக்குப் பேரு ஆட்டமா?" என்று கேட்டேன்.

"கம்முனு இருக்கறதுதான் ஆட்டம்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தனசேகரன் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் சமண ஆட்களை ஊரில் நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள். "என்னா நைனாரே, ராணி வந்தாளா?"

"வந்தா. வேற ஒருத்தங்கிட்ட."

"வுடு. ராஜாவ வச்சிக் காலத்த ஓட்டு."

கீழே தட்டு வைக்கும் சத்தம் கேட்டதும் அண்ணன் எழுந்தான். பெரியம்மா கூப்பிடுவதே இல்லை. இரண்டு தட்டு வைப்பார், அவ்வளவுதான். இது நஷ்டம் இல்லையா என்று படியில் இறங்கும்போது கேட்டேன்.

"தோக்கறவன் என்னா பண்ணுவான் தெரியுமா? உட்டதப் புடிக்கணும்னு உக்காந்துகினே இருப்பான். அதுலதான் மொத்தமும் போவும். நான் தோத்தாலும் எழுந்துருவேன். சாப்ட்டு வந்தா கோவம் இருக்காது. காசு குடுத்துக் கோச்சிங் போறானுங்க இதுக்கு. எங்கம்மா சாம்பார் ஊத்திக் கத்துக் குடுத்துட்டாங்க."

அடுத்த வருடம் அவன் இந்திய அளவில் ஒரு போட்டியில் ஜெயித்தான். யூடியூபில் பேட்டி வந்தது. பின்னணியில் என்ன மெஷின் ஓடுகிறது என்றுதான் கீழே கமெண்டில் பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்குள் திரும்பவே முடியாத ஒரு கார் வாங்கினான். அதில் உட்கார்ந்து பெரியம்மா திருமலைக்குப் போனார். வழியில் பார்த்த உறவுக்காரர்களிடம், "பையன் வேலை செஞ்சி வாங்கினது" என்றார். அண்ணனுக்குக் கிடைத்த பரிசுகளில் அவன் திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்பட்டது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்து வரவில்லை. அதுவரை அவன் ஆடியதிலேயே பெரிய போட்டி அது. மூன்று பேர்தான் மிச்சம். மழை மேகம் வேறு. பொழுது சீக்கிரமே இறங்கியது. தட்டுச் சத்தம் கேட்டது. தனசேகரனும் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்: "நைனாரே, பொழுது போவுது." அண்ணன் திரும்பாமல் கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டினானாம்.

முதல் பரிசோடு கீழே இறங்கியபோது விளக்குப் போட்டிருந்தது. இரண்டு தட்டும் கழுவி வைத்தபடியே இருந்தன. பெரியம்மாவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஜெயிச்சிட்டேம்மா."

"தெரியுது."

"ஒரு நாள்தானம்மா."

"நான் ஒண்ணும் சொல்லலியே. நாளையிலேர்ந்து நான் முன்னாடியே சாப்ட்டுக்கறேன். உனக்கு மூடி வெக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த முறை திருமலைக்குப் போகும்போது பெரியம்மா பஸ்ஸில் போனார்.

தட்டுச் சத்தம் நின்றுபோன பிறகு அண்ணனை எழுப்ப ஒன்றும் இல்லை. சில வாரம் அதுவே வசதியாகத்தான் இருந்தது. பிறகு தோற்க ஆரம்பித்தான். தோற்ற நாட்களில் உட்கார்ந்துகொண்டே இருந்தான். விட்டதைப் பிடிக்கப் பெரிய பெரிய மேஜைகளுக்குப் போனான். கார் போனது. ஆகஸ்டில் டெல்லியில் சட்டம் வந்து, பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் எல்லாம் நின்றன. சட்டம்தான் தன் தொழிலைக் கெடுத்தது என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னான்.

"சட்டம் ஆவணில வந்துது," என்றார் தனசேகரன். "கார் சித்திரையிலயே போச்சே நைனாரே."

நான் ஊரோடு திரும்பி வந்தது அந்தச் சமயத்தில்தான். பெரியம்மா இரண்டு தட்டு வைத்துப் பார்த்தார். அண்ணன் மாடியிலிருந்தே சொன்னான்: "இப்ப எழுந்து வர்றதுல என்னாம்மா இருக்குது? ஆட்டமே இல்ல." இருட்டிய பிறகு, மூடி வைத்ததைத்தான் சாப்பிட்டான்.

பிறகு பக்கத்தில் களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் சேர்ந்தான். மூட்டைகளை எடை பார்த்து லாரிக்குச் சீட்டுப் போடும் வேலை. சேர்ந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம், வெயில் இன்னும் சுவரில் இருக்கும்போதே தனசேகரனிடம் இரவல் வாங்கிய பைக்கில் வந்து இறங்கினான். கைகால் கழுவித் தரையில் உட்கார்ந்தான்.

"தட்டு வைம்மா. எழுந்து வந்துட்டேன்."

பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கப்போன நேரம், அவர் போன் அடித்தது. மில் மேனேஜர் அருணகிரி. அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "லோடு பாதியில கெளம்பி வந்துட்டாருங்க. சீட்டு இல்லாம லாரிக்காரரு நின்னுகினு இருக்காரு."

"இதோ அனுப்பறேங்க." போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "லாரிய நிக்க வச்சிட்டா வந்த?"

"நீதானம்மா சொன்ன, வேலைனா எழுந்து வரலாம்னு."

"ஆட்டத்துல நீ எழுந்தா யாருக்கு என்னா? உன் எடம் காலி, அவ்ளோதான். மில்லுல ஒருத்தன் வூட்டுக்குப் போவ முடியாம நிக்கறானே."

"அப்ப நான் அத்தினி நாள் எழுந்து வந்தது வேலை இல்லியா?"

பெரியம்மா இரண்டு தட்டிலும் சோறு போட்டார். எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த ஆட்டம் என்னான்னு எனக்குத் தெரியாது. நீ வந்தியே, அத நம்பினேன். சாப்ட்டுட்டு ஜல்தியா கெளம்பு."

அண்ணன் குனிந்தபடி சாப்பிட்டான். தயிர் வேண்டும் என்று இரண்டாவது முறையும் கேட்டான். பைக் தெருமுனை திரும்பியதும் பெரியம்மா எச்சில் கையோடு, இடது கையால் அருணகிரிக்குப் போன் போட்டார்.

"பையன் கெளம்பிட்டான். நாளையிலேர்ந்து டப்பா கட்டிக் குடுக்கறேன். பொழுதுக்குள்ள அவனுக்குக் கால் மணி நேரம் வுட்டுடுங்க."

"பத்து நிமிஷம் தரலாங்க."

"பத்து நிமிஷத்துல தயிர் சோறு எறங்குமாங்க? நீங்களே சொல்லுங்க."

அருணகிரி சீசன் நேரம் என்றார். பெரியம்மா மழை நேரத்தில் ஏது சீசன் என்றார். கடைசியில் கால் மணி நேரத்துக்கு அவர் ஒத்துக்கொண்டபோது வாசலில் வெளிச்சம் போயிருந்தது. பெரியம்மாவின் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்தார், ஓரமாக நகர்த்தினார், கை கழுவினார். பிறகு மூடி இறுக்கமாக இருக்கும் டப்பா ஒன்றை அலமாரியில் தேட ஆரம்பித்தார்.