மானியத்துக்காகத் தேய்த்த பாத்திரம்

எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, என் வீட்டுக்காரர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆவடி குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறிவந்தார். திறந்தால் மூடியில் கண்ணாடி, உள்ளே நாலு கறுப்புப் பாத்திரம். சோலார் குக்கராம். வெயிலில் வைத்தால் சோறு தானாக வெந்துவிடுமாம்.

"எந்தக் காசுல வாங்குனீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி போக நான் சேர்த்துவைத்திருந்த காசு! கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ்கூட அம்மா வீட்டில் இல்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, கோவப்படாத. பாதி விலைய அரசாங்கம் மானியமாத் திருப்பித் தருது. டிக்கெட்டுக்கு அது போதும்."

"அரசாங்கத்துக்கு நம்ம சோத்து மேல என்ன இம்புட்டு அக்கறை?"

"நீ வெயில்ல சமைச்சா மண்ணெண்ணெய் மிச்சம்லா? அவங்க வெளிநாட்டுல வாங்குறது குறையும். அந்த மிச்சத்துல உனக்கும் ஒரு பங்கு. ஆனா முழு விலையும் நாமதான் முதல்ல கட்டணும். ஆபீசர் வந்து, சோறு வேகுதான்னு பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வரும்."

மண்ணெண்ணெய்க் கியூவில் நின்று கால் வீங்கியவளுக்கு இந்தக் கணக்கு புரியாதா என்ன? மறுநாளே மொட்டைமாடியில் பெட்டியை விரித்து அரிசி வைத்தேன். சோறு பொலபொலவென்று வந்தது. குவார்ட்டர்ஸே வந்து எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபீசர் வருகிற நாளும் வந்தது. பெரிய அதிகாரி வீட்டுக்கு வருகிறார், கன்னங்கரேலென்று பாத்திரத்தைக் காட்டினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? காலையிலேயே தேங்காய் நாரில் செங்கல் பொடியைத் தொட்டு, கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். நாலும் வெள்ளி மாதிரி ஆகிவிட்டன. பெருமையாக அரிசியைப் போட்டு வெயிலில் வைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு ஃபாக்டரியிலிருந்து சைக்கிளில் வந்த என் வீட்டுக்காரர் நேரே மாடிக்குப் போனார்.

"அடிப்பாவி! அந்தக் கறுப்பு பெயிண்டுதான் வெயில உள்ள இழுக்குது. அதப் போயித் தேச்சிருக்கியே!"

அரிசி போட்டது போட்டபடி தண்ணீரில் கிடந்தது. நான் வாய்விட்டே அழுதுவிட்டேன். போச்சு, இந்த வருஷமும் அம்மாவைப் பார்க்க முடியாது.

பக்கத்து வீட்டுக்காரி அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். என் சத்தம் கேட்டு மாடிக்கு ஓடிவந்தாள். "இன்னாக்கா, இதுக்குப் போயி அழுதுகினு கீறே? கறுப்புதானே வோணும்? எங்க ஊட்டு வெந்நீர் அண்டாவ சொரண்டுனா கிலோ கணக்குல வரும், வாக்கா!"

அவர் தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனார். நாங்கள் இருவரும் அண்டாவின் கரியைச் சுரண்டி, தேங்காயெண்ணெயில் குழைத்து, பாத்திரத்துக்கும் அதன் மூடிக்கும் பூசி, மறுபடியும் வெயிலில் வைத்தோம். அவள் என் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள். நான் சும்மா விடுவேனா? அவளுக்குக் கன்னம் வரைக்கும் மீசையே வரைந்தேன். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூன்று மணிவாக்கில், முகம்கூடக் கழுவாமல் அந்தக் கோலத்தில் இருக்கும்போதே ஆபீசர் வந்துவிட்டார், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். பெட்டிக்குள் இருந்த பாத்திரத்தின் மூடியைச் சட்டென்று தூக்கினார். ஆவி பறந்தது. சோறு வெந்திருந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் அவர் கை முழுக்கக் கரி. கையைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"பெயிண்ட் எங்கேம்மா?"

"தேச்சுட்டேன் சார். நீங்க வர்றீங்கன்னு."

  அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊர் பூரா வெயில்ல சோறு வேகும்னு சொல்லிட்டுத் திரியறேன். என் வீட்டு குக்கர்ல மட்டும் வேகமாட்டேங்குது. என் வீட்டுக்காரியும் பளபளன்னு தேச்சு வெச்சிருக்காம்மா!"

கரிக்கையாலேயே கையெழுத்துப் போட்டார். படியில் இரண்டடி இறங்கியவர், திரும்பி வந்து தயங்கியபடி கேட்டார்.

"அந்தக் கரி கொஞ்சம் மிச்சம் இருக்குமா?"

அப்போது எனக்கிருந்த சந்தோஷத்துக்கு, அண்டா மட்டும் என்னுடையதாக இருந்திருந்தால் அப்படியே தூக்கிக் கொடுத்திருப்பேன்.