காட்டுவதற்கு ஒன்றுமில்லாத வலி

என் நோய்க்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியா. எழுபது வயதைத் தாண்டிய பிறகு மலாக்கா டவுனில் ஒரு பெண் டாக்டர், கழுத்துக்குப் பின்னால், தோள்பட்டையில், இடுப்பில், முழங்காலின் உட்பக்கத்தில் என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அதைச் சொன்னார். அழுத்திய இடமெல்லாம் வலித்தது. அழுத்தாத இடமும் வலித்தது. "ரொம்ப வருஷமா இருந்திருக்கணுமே பாட்டி?" என்றார். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்திலிருந்து என்றேன். கதை விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

கதையில்லை. அப்போது நான் கல்யாணமாகிக் காஜா பெராங்குக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பலகை வீடு. கணவர் புக்கிட் பாருவில் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளிக்கிழங்கு போட்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அரிசி கண்ணில் படாத காலம். காலையில் கிழங்கு, மாலையில் கிழங்கு, விருந்தாளி வந்தால் இன்னும் கொஞ்சம் கிழங்கு.

ஊரே நோயில் கிடந்தது. ஆனால் மற்றவர்களுக்கு மரியாதையான நோய்கள். மலேரியாக்காரர் நடுங்குவார், பார்க்கிறவர்கள் போர்வை தேடுவார்கள். சத்தில்லாமல் கால் வீங்கினவரைத் தெருவே வந்து விரல் வைத்துக் குழி விழுகிறதா என்று பார்க்கும். எனக்குக் காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, ஒரு சொறிகூட இல்லை. உடம்பு முழுக்க வலி மட்டும் இருந்தது. இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் கல் உடைத்துவிட்டு வந்ததுபோல் களைப்பு. விடியும்போது கை விரல்கள் மடங்காது. ரவிக்கையின் கை இறுக்கினால் வலி, வளையல் உரசினால் வலி. ஜப்பான்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு சாலையில் போனால் அந்தச் சத்தம்கூட மண்டைக்குள் போய்க் குத்தும். மறதி வேறு. தங்கத்துக்குச் சமமாக இருந்த உப்பைக் குழம்பில் இரண்டு முறை போட்டுவிட்டு, போட்டோமா என்று யோசித்துக்கொண்டு மூன்றாவது முறையும் கையில் எடுத்திருப்பேன்.

என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தார், ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டம் படுத்துப்போனதும் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கிராணி வேலை போனதே தவிர கிராணித்தனம் போகவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டில் யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதை உத்தியோகமாக வைத்துக்கொண்டார். அவர் கண்ணில் நான் சோம்பேறி. "நேத்து கெழங்க மலைமாதிரி சீவுனா, இன்னிக்குக் கை தூக்க முடியலங்கிறா. இது என்னா சாக்கிட்டு, லீவு எடுத்து லீவு எடுத்து வருது?" என்பார். சாக்கிட்டு என்றால் மலாயில் நோய். மருத்துவம் படிக்காத குறை ஒன்றுதான் அவருக்கு.

என் ஓரகத்தி கெட்டவள் இல்லை. எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்து, முட்டியால் முதுகை அழுத்தித் தேய்த்துவிட்டாள். அன்பு அவ்வளவும் என் எலும்பில் இறங்கியது. அப்புறம் ஒரு வாரம் நான் எழுந்திருக்கவில்லை. நன்றி கெட்டவள் என்ற பெயரும் அதோடு வந்தது. கணவரோ என்னை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கிழங்கு சுமக்கிறவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

ஆக, நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். வலி வந்த பிறகு நிறுத்தினால் பயனில்லை, வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று கண்டுபிடித்தேன். கொஞ்சம் சீவுவது, எழுந்து தென்னை மரம் வரை மெதுவாக நடப்பது, திரும்பி வந்து கொஞ்சம் சீவுவது. விரல்கள் இளகுவதற்கு முன் பாத்திரத்தைத் தொடுவதில்லை. பகலில் எவ்வளவு கண் சொக்கினாலும் படுப்பதில்லை. நல்ல நாள்தான் பெரிய எதிரி. உடம்பு லேசாக இருக்கிறதே என்று மலைபோல் சீவிவிட்டால் அடுத்த நாள் தொலைந்தேன். மூத்தார் பார்த்த மலை அதுதான்.

சூடு மட்டும் உடனே கேட்டது. அதைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள். பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் ஒரு சொல் தமிழ் வராது, எல்லாம் அவர்களுடைய மலாய்தான். "பாடான் செஜோக், ஆங்கின் பாஞாக்" என்றார். உடம்பு குளிர்ந்துவிட்டது, காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு உருண்டைக் கல்லை அடுப்பில் சுட்டு, நுணா இலையில் சுற்றி, துணியால் என் இடுப்பில் வைத்துக் கட்டிவிட்டார். துங்கு என்று பெயர். இந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்குத்தான் அதைக் கட்டுவார்கள். நான் அதோடு வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டுத் தெருப் பெண்கள் இரண்டு பேர் பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டார்கள். கிழங்குத் தோலைத்தான் காட்ட முடிந்தது. தோட்டத்திலிருந்து வந்த மூத்தாருக்கு இந்த வழக்கம் தெரியாது. ஆண்பிள்ளையிடம் யார் போய்ச் சொல்வது?

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. வீட்டுக்கு ஒரு ஆண், சயாமில் ரயில் பாதை போட. போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் திரும்பி வந்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர். மூத்தவர் முதலில் போக வேண்டும், அவர் நோயாளி என்று ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெசர் சொல்லிவிட்டால் இளையவர். பரிசோதனை பள்ளிக்கூடத் திடலில் என்றார்கள்.

மறுநாள் மதியம் மூத்தார் அடுப்படிக்கு வந்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒனக்கு எங்கெங்கம்மா வலிக்கும்?" என்றார்.

வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கழுத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினேன். அவரும் தன் உடம்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "டிரெசர் அங்க கைய வச்சா எப்படிக் கத்தணும்?"

புரிந்துவிட்டது. இவர் நோயாளியானால் என் கணவர் லாரி ஏற வேண்டும். அதற்கான பாடத்தை என்னிடமே கேட்கிறார். அவர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை.

"கத்த மாட்டேன் அத்தான். கத்துறதுக்குத் தெம்பு இருக்காது. தொட்டா ஒடம்பு தானா ஒதுங்கும், அவ்ளோதான்."

"அப்புறம்?"

"களைப்பு. தூங்கி எந்திரிச்சாலும் களைப்பு. கேட்ட கேள்விக்கு ஒடனே பதில் வராது. வெளிச்சம் ஆகாது. நேத்து அங்க வலிச்சது இன்னிக்கு இங்க வலிக்கும்."

"இத எவன்லா நம்புவான்?"

"நீங்க நம்பலையே அத்தான்" என்றேன்.

அது அவர் காதில் விழவில்லை. "கண்ணால பாக்குறதுக்கு ஏதாச்சும் வேணாமா? நீ ஒண்ணு கட்டுவியே இடுப்புல, அந்தக் கல்லு?"

"கல்லெல்லாம் வேணாம். சும்மா சோந்துபோயி நில்லுங்க, போதும்."

நான் அவருக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். உள்ளதை அந்த வீட்டில் யாரும் நம்பியதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பரிசோதனை நாளன்று திடலுக்கு வெளியே சாலையோரத்தில் பெண்கள் நின்றோம். மூத்தார் ஓரகத்தியின் தோளில் தொங்கிக்கொண்டு வந்து, வாசலில் அவளை விட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே போனார். காலையில் எந்தக் கால் என்று முடிவு செய்துகொள்ளவில்லை போலிருக்கிறது, பாதி வழியில் கால் மாறியது. என் கணவர் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றார். நான் கணவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரெசர் உள்ளூர்க்காரர். பக்கத்தில் நாற்காலியில் ஜப்பானிய அதிகாரி. டிரெசர் கையை நீட்டினார், தொடவில்லை. அதற்குள் மூத்தார் போட்ட அலறல் சாலை வரை கேட்டது. சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். வயிற்றைச் சுற்றி என் ஓரகத்தியின் பழைய சேலைத் துணி. அதற்குள் நுணா இலை. அதற்குள் கல்.

டிரெசர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "பிள்ள ஆணா பொண்ணா?" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது, அடி விழும் என்று தெரிந்தும் சிரித்தார்கள். அதிகாரி என்னவென்று கேட்க, டிரெசர் கையாலேயே பெரிய வயிற்றைக் காட்டி, கையாலேயே தொட்டில் ஆட்டிக் காட்டினார். அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு எழுந்து மூத்தாரை ஓர் அறை அறைந்தார். கல் கீழே விழுந்தது. நான்கூடச் சிரித்தேன். பிறகு ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அவரை அங்கிருந்தே லாரியில் ஏற்றினார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்து, அண்ணன் உட்காரும் பெஞ்சைத் துடைத்தார்.

ஜப்பான் சண்டை முடிந்து மாதங்கள் கழித்து மூத்தார் திரும்பி வந்தார். வந்தது பாதி ஆள்தான். ஓரகத்தி கஞ்சி ஊற்றினாள், முட்டை கொடுத்தாள், உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது, புண்கள் ஆறின. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. விடியும்போது விரல் மடங்கவில்லை என்றார். பாத்திரம் விழுந்தால் காதைப் பொத்தினார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் ஓரகத்தி, அவர் படுத்திருக்கிற இடத்திலேயே என்னை நிறுத்தி வைத்துக் கேட்டாள். "காய்ச்ச இல்ல, வீக்கம் இல்ல. நல்லாத்தான் சாப்புடுறாரு. நேத்து சாலை வரைக்கும் நடந்தாரு, இன்னிக்கு முடியலங்கிறாரு. அன்னிக்குத் தெடல்ல நடிச்ச மனுசன்தான? நீ சொல்லு, நடிக்கிறாரா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சொல்வதற்கு என்னிடம் எத்தனையோ இருந்தன. வருஷக்கணக்காக அவர் எனக்குச் சொன்னது ஒவ்வொன்றும் நாக்கு நுனியில் நின்றது. அவர் தோளில் துணி உரசியபோது தோள் தானாக ஒதுங்கியதைப் பார்த்தேன்.

"நடிக்கலக்கா. வலிக்குது அவருக்கு" என்றேன்.

அவர் திரும்பவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக, வயிறு எரிகிற அளவுக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஓர் ஆள் இருந்தாள்.